பணத்தை மட்டும் எடுக்கும் சட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஆட்டுத்தொடையை வாட்டினால் தம்பி கீரனுக்கு எங்கிருந்தாலும் மூக்கு வேர்த்துவிடும். போன வருஷம் அப்படி வந்தவன்தான் வெளிவரப்போகும் தன் புத்தகத்தின் அச்சுப்படியை என் முன் வைத்தான். செய்யாத போதைக் கடத்தலுக்காக வெளிநாட்டுச் சிறையில் ஒன்பது வருஷம் கிடந்த கதை.

"பாருக்கா, அந்த ஊரு போலீஸ் எடுத்த படம்கூட கிடைச்சிருச்சு. கோர்ட்டுல பொட்டலத்தப் பிரிச்சே காட்டல, பாவிங்க."

படத்தில், பொட்டலம் சுற்றியிருந்த துணி விரிந்து கிடந்தது. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான பண்டபெர்க்கின் பாலர் பள்ளியில் நிதி திரட்ட அச்சடித்து விற்ற, பாத்திரம் துடைக்கும் துணி. கீரன் பிடிபட்ட வருஷம் அங்கே படித்த பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்து பெயர் எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் என் மகள் டெஸ். பிள்ளையில்லாத கீரனுக்கு அது ஏதோ ஒரு துணி. நான் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தேன்.

அவன் புத்தகம் போடப்போவதாக மத்திய போலீசுக்குத் தகவல் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நான்தான். வெளிநாட்டில் செய்த குற்றத்தைப் புத்தகமாக்கிச் சம்பாதித்தால் அரசு பறிமுதல் செய்யலாம் என்று செய்தியில் கேட்டிருந்தேன். காசு வராது என்றால் எவன் புத்தகம் போடுவான் என்று நினைத்தேன்.

"எடுத்துக்கட்டும்க்கா. காசா பெருசு? நான் செய்யலன்னு ஊருக்குத் தெரிஞ்சா போதும்" என்றான் கீரன்.

சட்டம் பணத்தை மட்டும்தான் எடுக்குமாம். புத்தகம் வந்தது. அதே துணியை இன்னும் அடுக்களையில் வைத்திருக்கும் ஒரு தாய், படத்தைப் பார்த்துவிட்டு உங்களிடம் ஓடி வந்தாள்.

ஆமாம், நானும் அவனும் சேர்ந்து போயிருந்த அந்த ஊர் விமான நிலைய வரிசையில் மோப்ப நாயைப் பார்த்ததும், நான் விற்கக் கொண்டுபோன பொட்டலத்தை அவன் பையில் செருகினேன். எனக்கு நாலு வயதுப் பிள்ளை இருந்தது, அவன் தனிக்கட்டை. யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே நியாயம் புரியும். விலங்கு மாட்டும்போது, "நீ ஊருக்குப் போக்கா, டெஸ் தேடுவா" என்று அவனே சொன்னான்.

அதற்காக நான் அவனைக் கைவிடவில்லை. மாதம் தவறாமல் கடிதம் போட்டேன். மனசை விடாதே, இதைச் செய்தவன் ஒருநாள் மாட்டுவான் என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். கீரனையே கேட்டுப் பாருங்கள், அக்கா என்றால் என்னைப் போல இருக்க வேண்டும் என்பான்.