பச்சைப் புள்ளிக்குக் காவல் இருந்தவள் பேசுகிறேன்

தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்த தலைவர் அவர்களே! காலையிலிருந்து பேச்சுக் கேட்டும் கொட்டாவி விடாத நடுவர் பெருமக்களே! எழுத்தோடு துணிவையும் ஊட்டிய ஆசிரியர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தந்தையர்களே! திங்கட்கிழமை பாடப்பிரிவுப் படிவத்தை நீட்டியாக வேண்டிய தோழியரே! மூன்றாம் வரிசை ஓரத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கும் என் அக்காவே! அவளுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அப்பாவே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கணினித் துறையை உற்றாருக்கும் நண்பருக்கும் பரிந்துரைப்பாயா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசியவர்கள் சம்பளத்தைச் சொன்னார்கள், வெளிநாட்டைச் சொன்னார்கள், வானளாவிய கட்டடத்தைச் சொன்னார்கள். நான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொல்கிறேன். அதுதான் என் அக்காவின் அலுவலகம்.

அங்கே அவள் மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. கடுகளவுப் புள்ளி! கண் விழித்திருக்கிறாள், கடமையில் இருக்கிறாள் என்று அது ஊருக்கெல்லாம் அறிவிக்கும். ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் புள்ளி மஞ்சளாகும். மஞ்சளானால் மேனேஜரிடமிருந்து செய்தி வரும்: "இருக்கீங்களா?" இருக்கிறாள் ஐயா, இருக்கிறாள்! குளித்துக்கொண்டிருக்கிறாள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாங்கள் அந்தப் புள்ளிக்கு முறைவைத்துக் காவல் இருந்தோம்.

"ஏய் வாலு, வந்து மவுஸைப் பிடி. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

"நேத்தும் நான்தானே பிடிச்சேன்? அம்மாவைக் கூப்பிடு."

அம்மா ஒரு கையில் கரண்டியும் மறுகையில் மவுஸுமாக நிற்பாள். "இதுக்குப் பேசாம ஒரு பூனையை வாங்கிக் கட்டிப் போடலாம்டி!"

அக்காவின் குழு ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்கிறது. எந்த நோயாளி எந்த நேரத்தில் எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று பதிவதெல்லாம் அதில்தான். மூன்று வாரங்களுக்கு முன் அதில் ஒரு கோளாறு. இரண்டு நாள் அக்கா கண் எரிய, கழுத்து வலிக்க, காபி ஆற, ஓயாமல் உழைத்தாள். மூன்றாம் நாள் பகலில், பாதி சாப்பிட்ட தட்டின் பக்கத்திலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் எழுப்ப யாருக்கு மனம் வரும்? நான் மெல்ல மவுஸைப் பிடித்துக்கொண்டேன்.

குழுவில் ஒருவர் செய்தி அனுப்பினார்: "புதுசு ரெடி. ஏத்திடலாமா?"

பதில் இல்லையென்றால் போன் செய்வார். போன் வந்தால் அக்கா விழிப்பாள். செய்திக்குக் கீழே ஒரு கட்டைவிரல் படம் இருந்தது. 'பார்த்துவிட்டேன்' என்று சொல்வதாக நினைத்து அதை அழுத்தினேன். அவர்கள் வழக்கத்தில் அதற்குப் பொருள் வேறு: 'சோதித்துவிட்டேன், ஏற்றலாம்.'

திருத்திய மென்பொருளை மருத்துவமனைக் கணினியில் ஏற்றினார்கள். அரைமணி நேரத்தில் மருத்துவமனையின் திரையிலிருந்து அன்றைய பதிவு முழுக்க மறைந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அறுபது பேர், வலியோடு வந்தவர்கள், இரண்டு மணி நேரம் நாற்காலிகளில் காத்திருந்தார்கள்.

போன் அலறியது. அக்கா எழுந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

தலையாட்டினேன்.

"சரி. போய் முகம் கழுவத் தண்ணி கொண்டா."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. பழைய பதிவு திரும்பும்வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் அவர்கள் குழு கூடிப் பேசியது. திரையில் பதினோரு முகங்கள். அவளுக்குப் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், நான். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. "தூங்கிட்டேன் சார். மவுஸ் என் தங்கச்சி கையில இருந்துச்சு. கட்டைவிரல் அவ போட்டது."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தப் பிழை நேர்ந்தாலும் அந்தக் கூட்டத்தில் 'யார்' என்று கேட்கக் கூடாது. 'எப்படி' என்று மட்டுமே கேட்கலாம். மேனேஜர் கேட்டார்: "ஒரு கட்டைவிரல் எப்படி மருத்துவமனை வரைக்கும் போச்சு?"

குழுவிலிருந்து ஒரு கரகரத்த குரல்: "எங்க வீட்ல மவுஸை என் மாமியார் ஆட்டுறாங்க சார். என்னைவிட நல்லா ஆட்டுறாங்க."

இன்னொருவர்: "என் பையன் சார். ஒரு தடவைக்கு ஒரு சாக்லேட்."

பதினோரு பேரில் ஏழு பேர்! மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இத்தனை நாளா நான் உங்க குடும்பத்தையா மேய்ச்சுட்டிருந்தேன்?"

அன்றே முடிவெடுத்தார்கள். இனிக் கட்டைவிரல் செல்லாது. இரண்டு பேர் சோதித்துத் தங்கள் பெயரைப் பதிந்தால்தான் ஏற்றலாம். புள்ளியை யாரும் பார்க்க வேண்டாம். கோளாறு வந்தால் ஒருவரே இரண்டு நாள் உட்காரக் கூடாது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மருத்துவமனை கேட்டுக்கொண்டதால் அக்காவை ஆறு மாதம் அந்த வேலையிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அதைச் சொன்ன அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படியானால் இந்தத் துறையைப் பரிந்துரைப்பேனா? தூக்கத்தைத் தின்னும் துறையையா? சாப்பிடும் கையைப் பிடித்து இழுக்கும் துறையையா? தோழியரே, இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பரிந்துரைப்பேன். சொல்லாமல் கூப்பிடுவது துரோகம். ஆனால் நீங்களே சொல்லுங்கள்: நம் வீட்டில் ஒரு கண்ணாடி உடைந்தால் முதலில் எழும் கேள்வி எது? நம் வகுப்பில் ஒரு சன்னல் உடைந்தால் முதலில் எழும் கேள்வி எது? யார்? யார்? யார்? அந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனை பேர் வாய்மூடி நிற்கிறோம்! பிழை செய்தவள் பயமில்லாமல் வாய்திறக்க ஓர் இடம் இருக்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். அதற்காகவே அந்தத் துறைக்குப் போக விரும்புகிறேன்.

போக விரும்புகிறவள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது.

அப்பா! அன்று சாயங்காலம் "யார் பண்ணினது?" என்று நீங்கள் கேட்டபோது, "நான்தான்பா, தூக்கக் கலக்கம்" என்று அக்கா சொன்னாள். மூன்று வாரமாக அவளைக் கவனமில்லாதவள் என்கிறீர்கள். "பெரியவளே இப்படின்னா, சின்னவளை அந்தப் பக்கமே விடமாட்டேன்" என்று என் படிவத்தை அலமாரி மேலே போட்டுவிட்டீர்கள். அப்பா, அழுத்தியது அக்கா இல்லை. நான். அறுபது பேரைக் காக்கவைத்தது இந்தக் கை. பயத்தில் நான் மறைத்தேன். பாசத்தில் அவள் மறைத்தாள்.

யார் என்பது தெரிந்துவிட்டது. எப்படி என்று, வீட்டுக்கு நடந்து போகும்போது கேளுங்கள். ஒன்றுவிடாமல் சொல்கிறேன். கேட்ட பிறகு என் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் அக்காவை இனி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.

ஒரு பயந்தாங்கொள்ளியின் குரல் கடைசி வரிசை வரை வந்துசேரப் பொறுமை காத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.