கொக்கியில் பிழையில்லை

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது குடிக்கிற தேநீரில் குறை காண எனக்கு மனம் வருவதில்லை. என் அறையில் ஒரே ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்கலாமென்று ஒருமுறை கடைவரைக்கும் போனேன். யார் உட்காரப்போகிறார்கள் என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன், திரும்பிவிட்டேன்.

விளக்குகளின்மேல் கவிழ்க்கும் துணிக் குடைகளைப் பார்த்திருப்பீர்கள். துணியைப் பார்ப்பவர் பலர். துணிக்குள் இருக்கும் கம்பிக் கூட்டைப் பார்ப்பவர் எவருமில்லை. அந்தக் கூட்டைச் செய்கிறவன் நான். மேலே ஒரு சிறு வளையம், கீழே ஒரு பெரு வளையம், இரண்டுக்கும் நடுவே கால்கம்பிகள். கம்பி வளையத்தைத் தொடும் இடத்தில் ஈயத்தைக் காய்ச்சிப் பற்றவைக்க வேண்டும். இந்த வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் கம்பியையும் வளையத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்; மற்றவர் சூட்டுக்கோலைக் கொண்டுவர வேண்டும். பிடிப்பவரும் பற்றவைப்பவரும் ஒரே மேசையில் எதிரெதிராகக் குனிந்திருப்பார்கள். இரண்டு நெற்றிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும்.

அந்த ஒரு சாணில்தான் நான் வாழ்ந்தேன். உழைப்பு மனிதரை மனிதரோடு இணைக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். துண்டறிக்கை அச்சடித்துத் தெருமுனையில் கொடுக்கிறார்கள். நான் அந்த அறிக்கைகளை வாங்கிப் படித்து, மடித்து, பத்திரப்படுத்தியவன். அவர்கள் சொன்னது எனக்கு வெறும் கொள்கையல்ல. காலையில் பட்டறைக்குப் போனால் எதிரில் ஒரு முகம் இருக்கும். மாலையில் திரும்பினால் எதிரில் சுவர் இருக்கும். எது வாழ்வு, எது வாழ்வின் மிச்சம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் எதிரில் இருந்தவரைப் பட்டறையே ‘வானொலி’ என்று அழைத்தது. காலையில் திறந்த வாயை மாலையில்தான் மூடுவார். அவர் எனக்கு வைத்த பெயர் ‘சாமியார்’. பேசாதவன், மணமாகாதவன், சிரித்தாலும் சத்தமில்லாமல் சிரிப்பவன். பெயர் பொருத்தமானதுதான்.

“நம்ம முதலாளி சிரிச்சு நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன், சாமியாரே. பக்கத்துல போய்ப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, பல்வலி.”

இப்படித்தான் நாள் முழுவதும். நான் பதில் சொன்னதில்லை. சூட்டுக்கோலைக் கையில் வைத்திருப்பவன் சிரித்தால் கை நடுங்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் அறைக்கு எடுத்துச் சென்று, ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வேன். அவர் எனக்காகப் பேசுகிறார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

பிறகு அவர் அந்தக் கொக்கியைக் கண்டுபிடித்தார்.

உணவு இடைவேளையில் என்னைத் தனியே அழைத்துக் காட்டினார். கால்கம்பியின் நுனியை வளையத்தின் பருமனைவிடச் சற்றே குறுகலான கொக்கியாக வளைத்திருந்தார். வளையத்தில் அந்தக் கொக்கி உட்காரும் இடத்தில் குறடால் ஒரு சின்னப் பள்ளம். கால்கம்பியை வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டியிருந்ததால், மாட்டியதும் அது வெளிப்பக்கம் வில்லாக வளைந்து இரண்டு வளையங்களையும் அழுத்திப் பிடித்தது. கம்பியின் விறைப்பே கம்பியைப் பூட்டியது. ஈயமில்லை, புகையில்லை, நெருப்பில்லை. நான் இழுத்துப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், தரையில் போட்டுப் பார்த்தேன். கூடு அசையவில்லை.

இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: கொக்கியில் பிழையில்லை. எங்கள் தொழிலில் இதைவிடச் சிறந்த இணைப்பை நான் கண்டதில்லை.

“ஒரே ஆள் போதும், சாமியாரே. பிடிக்கிறதுக்குன்னு ஒருத்தன் வேண்டாம். நீங்க உங்க மேசை, நான் என் மேசை. இனிமே என் விரலும் வேகாது.”

விரல் வேகிறதா என்று கேட்டேன். கேட்டது எனக்கே விந்தையாக இருந்தது. அவர் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் ரேகை இல்லை. பளபளவென்று, காய்ந்த மெழுகைப்போல் இருந்தன. நான் ஒரு சாண் தூரத்திலிருந்து அத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விரல்களைத்தான். பார்த்ததெல்லாம் ஈயம் பிடித்ததா என்பதை மட்டுமே.

“சொல்லியிருந்தா மெதுவா வச்சிருப்பேனே,” என்றேன்.

“எங்க சொல்றது? வலி தெரியக் கூடாதுன்னுதானே வாய் ஓயாம எதையாவது உளறிக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, இனிமே வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கலாம்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சத்தமில்லாமல் சிரித்தேன். என் வாழ்நாளின் செல்வம் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரு மனிதன் வலி தாங்க எழுப்பிய ஓசை என்று அன்று தெரிந்துகொண்டேன். கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒரு தவறு திருத்தப்பட வேண்டும் என்ற தெளிவுதான் வந்தது.

முதலாளி கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துணி தைச்சு, பல்பு மாட்டி, ராப்பகலா எரியவிட்டுப் பாரு. ஒரு வாரம் தாங்குச்சுன்னா எல்லாருக்கும் தனித்தனி மேசை,” என்றார். தனித்தனி மேசை என்ற சொல்லை அவர் பரிசு கொடுப்பதைப்போலச் சொன்னார்.

கூட்டை உப்புத்தாள் போட்டுத் துடைத்துத் தருகிறேன் என்று நான் கேட்டு வாங்கினேன். வானொலி மகிழ்ச்சியோடு கொடுத்தார். பட்டறை காலியான பிறகு, மேல் வளையத்தில் ஒரு பக்கத்துக் கொக்கிகளை மட்டும் கழற்றினேன். சூட்டுக்கோலைக் காய்ச்சும் வாயு அடுப்பில் அவற்றின் நுனிகளைச் சிவக்கக் காட்டி, மெல்ல ஆறவிட்டேன். பழுத்து ஆறிய கம்பி உருவத்தில் மாறாது; விறைப்பு மட்டும் போய்விடும். கருகிய கறையை உப்புத்தாளால் தேய்த்து, முன்போலவே மாட்டினேன். காலமெல்லாம் கம்பியைப் பிடித்தவருக்கு அது தெரியாது. நெருப்பின் குணம் அதைக் கையில் வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும். சில நாளில் கொக்கி வாய் திறக்கும், கூடு ஒரு பக்கம் சரியும், முதலாளி முகம் சுளிப்பார், நாங்கள் பழைய மேசைக்குத் திரும்புவோம். என் கணக்கு அவ்வளவே. எவரையும் துன்புறுத்தும் எண்ணம் அதில் இல்லை.

அது பட்டறைச் சுவரில்தான் தொங்கும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் வானொலி அதைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி வீட்டிலிருந்தே குடைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். தைத்த கையோடு அங்கேயே மாட்டிவிட்டார்கள்.

“வந்து ஒரு பார்வை பாருங்க, சாமியாரே. நீங்க துடைச்சுக் கொடுத்தது எப்படி மின்னுதுன்னு.”

போனேன். அதற்குமுன் அவர் என்னை வீட்டுக்கு அழைத்ததில்லை. எவர் வீட்டுக்கும் எவரும் என்னை அழைத்ததில்லை. ஒரே அறை; ஒரு மூலையில் தையல் இயந்திரம், சுவரோரம் அடுக்கடுக்காகத் துணிச்சுருள்கள், நடுவே மெத்தை, மெத்தைக்கு நேர்மேலே விளக்கு. அதன் ஒளி மஞ்சளாக எல்லோர் முகத்திலும் சமமாக விழுந்தது.

“கம்பி உங்க ரெண்டு பேரோட வேலை. துணி என் வேலை,” என்றார் அவர் மனைவி. “அதையும் பார்த்துச் சொல்லுங்கண்ணே.”

அண்ணே. அந்தச் சொல்லை என்னிடம் எவரும் சொல்லிக் கேட்டதில்லை, ஐயா. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். வேண்டாம் என்றேன். “எங்க அண்ணன் இருந்தா இப்படித்தான் கூச்சப்பட்டுக்கிட்டே ரெண்டு தட்டு சாப்பிடும்,” என்று சிரித்தார். வானொலி ஏதோ கேலி சொன்னார். அவர்களுடைய சிறுபெண் மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

“மாமா, விளக்கு ஏன் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது, என் கண்ணுக்கும் அவள் கண்ணுக்கும் மட்டும் தெரியும் அளவு.

“நீ படுத்துக்கிட்டுப் பார்க்கிறேல்ல, அதான் அப்படித் தெரியுது கண்ணு,” என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் எண்ணிப் பார்த்தேன். சொன்னால் அந்த மாலை அங்கேயே முடிந்துவிடும். பேச்சு அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. போகும்போது சொல்லலாம் என்று ஒத்திவைத்தேன். போகும்போது வாசல்வரை வந்து, “அடிக்கடி வரணும்ண்ணே,” என்றார் அந்த அம்மா. அடிக்கடி வருவதற்கு அழைக்கப்பட்ட ஒருவன் அந்த நேரத்தில் எப்படி அதைச் சொல்வான்?

அடுத்து வந்த நாட்களில் பழைய முறைப்படியே வேலை நடந்தது. அவர் பிடித்தார், நான் பற்றவைத்தேன். விளக்கு எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சூட்டுக்கோலை மட்டும் மிக மென்மையாக வைத்தேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

சேதி வந்தபோது நண்பகல். அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க சித்தப்பா பாதி மீசையோட அப்படியே ஆபீசுக்குப் போயிட்டாரு. மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு பாதி எங்கய்யான்னு கேக்குறாரு. அதுக்குச் சித்தப்பா என்ன சொன்னாரு தெரியுமா…” வாசலில் யாரோ வந்து, வீட்டில் தீ என்றார்கள். கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். சித்தப்பா என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மற்றவை உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. குடை சரிந்து பல்பின்மேல் படிந்தது, துணி கருகி மெத்தையில் விழுந்தது, துணிச்சுருள்கள் பற்றிக்கொண்டன. தைத்துக் களைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிய அந்த அம்மா எழவில்லை. குழந்தை பள்ளியில் இருந்தாள். மனைவியைத் தூக்க உள்ளே போனவரின் இரு கைகளும் மணிக்கட்டுவரை வெந்துவிட்டன. நீங்கள் விபத்து என்று எழுதி மூடினீர்கள். முதலாளி கொக்கி முறையைக் கைவிட்டார். பட்டறையில் எல்லோரும் மறுபடியும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

நான் மருத்துவமனையில் உட்கார்ந்தேன். அவருக்கு ஊட்டினேன், முகம் துடைத்தேன், சட்டைப் பொத்தான் போட்டேன். அவர் குழந்தையோடு வேறோர் அறைக்குக் குடிபோன பிறகும் மாலைதோறும் போனேன். எதற்கும் இன்னொரு ஆள் தேவைப்படுகிறவராக அவர் ஆகிவிட்டார். அந்த இன்னொரு ஆள் நானாக இருந்தேன். குழந்தை ஒருநாள், “அன்னைக்கே சாய்ஞ்சிருந்துச்சுப்பா, நான் மாமாகிட்டச் சொன்னேன்,” என்றாள். “மாமாவுக்கு என்னம்மா தெரியும்? செஞ்சது நான்,” என்றார் அவர்.

அவர் பேசியதெல்லாம் அதைப் பற்றி மட்டுந்தான். “நான் வளைச்ச கொக்கிதான் அவளைக் கொன்னுடுச்சு, சாமியாரே.” ஒவ்வொரு மாலையும் இதைச் சொல்வார். ஒவ்வொரு மாலையும் நான், “விடுங்க, மனசைப் போட்டு வதைச்சுக்காதீங்க,” என்பேன். அந்தச் சுமையை இறக்க ஒரு வாக்கியம் போதும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவர் கட்டிலருகே எனக்கு இடமிருக்காது என்பதும் தெரியும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தேன். ஊட்டுவதற்கு ஆளில்லாமல் அவரை விடுவது கொடுமை என்று பட்டது.

நேற்று அவருடைய தம்பி வெளியூரிலிருந்து வந்து மூட்டை கட்டத் தொடங்கினார்.

“தம்பியோட போறேன், சாமியாரே. இந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விளக்கு தொங்குது. உங்களுக்கும் எவ்வளவு நாள்தான் பாரமா இருக்குறது?”

“பாரமில்லையே,” என்றேன்.

“உங்க மனசு யாருக்கு வரும்?” என்றார். தம்பி அவருடைய செருப்பை மாட்டிவிட்டார். அதைச் செய்வது நான்தான் வழக்கம்.

இரவெல்லாம் சிந்தித்து, காலையில் இங்கே வந்தேன். எவரும் என்னைப் பிடித்துவரவில்லை. கொக்கிகளைப் பழுக்கக் காய்ச்சியவன் நான்; சாய்ந்ததைக் கண்டும் மறைத்தவன் நான்; ஒரு பெண்ணைக் கொன்று, அந்தப் பழியை அவள் கணவனே சுமக்கும்படி விட்டவன் நான். எந்தச் சலுகையும் கேட்கவில்லை. செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே வந்தேன். மனச்சான்று என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். அவர்கள் வண்டி மாலையில் புறப்படுகிறது, ஐயா. வழக்கு முடியும்வரை சாட்சி ஊரைவிட்டுப் போக முடியாது என்று இப்போதே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவீர்கள் அல்லவா?