லொறியில் போனவள் சிரிக்கவில்லை

அளவற்ற அருளாளனைப் புகழ்ந்து என் நாவைத் திறக்கிறேன். தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவர் ஷப்ராஸ் ஹாஜியார் அவர்களே, கண்ணியத்துக்குரிய மௌலவி அவர்களே, முன்வரிசையில் என்னோடு சேர்ந்து மூத்துப்போன பெரியவர்களே, பின்னால் நின்று போன் பார்க்கும் வாலிபர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்து எங்கள் எல்லோரையும் விடக் கூர்மையாகக் கேட்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

"வாழ்க்கையும் ஈமானும் கதைகளும்: பெரியவர் ஸெய்னுலாப்தீன், ஐந்து நிமிடம்" என்று மீலாத் நோட்டீஸில் அடித்திருக்கிறீர்கள். ஏன் என்னை அழைத்தீர்கள் என்பது தெரியும். நாற்பது வருடம் தெல்தெனியவில் புடவைக் கடை வைத்திருந்தவன். சீலையை விரிக்கும்போதே கதையையும் விரிப்பேன். கதை கேட்க வந்து சீலை வாங்கிப் போனவர்கள் அந்தத் திரைக்குப் பின்னால் எத்தனையோ பேர். சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இன்று நான் சிரிப்புக் காட்ட வரவில்லை. வயிறெரிந்து வந்திருக்கிறேன்.

பேக்கரி நிஸாமை அறியாதவர் இந்த ஊரில் உண்டா? போன ஒக்டோபரில் மௌத்தானார். அவருடைய மனைவி பஸ்லினா, மார்க்கம் சொன்னபடி வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கும் இருப்பு அது. பன்னிரண்டு வருடமாக அவளுடைய முன் அறையில்தான் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதினார்கள். உங்கள் பிள்ளைக்கு அலிஃப் சொல்லிக் கொடுத்தது யார்? அவள். உங்கள் பிள்ளைக்கு? அவளேதான்.

நொவம்பரில் அந்தப் பெருமழை வந்தது. பட்டப்பகலில் மலை சரிந்தது. பஸ்லினாவின் பக்கத்து வீட்டுச் சந்திரிகா, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், அரிசி வாங்கப் போயிருந்தாள். அவளுடைய ஆறு வயது மகள் மதுஷா சுவருக்கு அடியில் கிடந்தாள். பாதையில் ஓர் ஆம்பிளை இல்லை. இத்தாவில் இருந்த பஸ்லினா வெளியே ஓடினாள். வெறுங்கையால் மண்ணைக் கிளறினாள், பிள்ளையை இழுத்தெடுத்தாள், வந்த மரக்கறி லொறியை மறித்தாள், முன் சீட்டில் ஏறினாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த லொறி தேத்தண்ணிக் கடையைத் தாண்டியபோது கடையில் இருந்தவன் யார்? நான்தான். என்ன கண்டேன்? மழை வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சீலை, ஒரு சாரதி, திறந்திருந்த ஒரு வாய். அவ்வளவுதான் கண்டேன். மடியில் கிடந்த பிள்ளையை நான் காணவில்லை. ஆனால் என்ன சொன்னேன்? கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "நிஸாம் மௌத்தாகி நாப்பது நாளும் கழியல்ல. பொஞ்சாதி லொறில முன்னுக்குக் குந்திச் சிரிச்சிட்டுப் போறா."

சிரிச்சிட்டு! அந்த ஒரு சொல்லை நானே சேர்த்தேன். உப்பில்லாமல் எனக்குக் கதை சொல்ல வராது.

ஆறு பேர் கேட்டீர்கள். மஃரிப் தொழுகைக்கு அது பள்ளி முற்றத்துக்கு வந்தது. இரவு இஷாவுக்கு அந்தச் சாரதிக்கு ஒரு பெயர் வந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு ஹுன்னஸ்கிரியவில் வீடும் வந்துவிட்டது! யார் கட்டிக் கொடுத்தீர்கள் அந்த வீட்டை? மலை சரிந்து வீடிழந்தவர்களுக்கு ஒரு தகரம் கொடுக்க ஒரு மாதம் எடுத்த ஊர் அல்லவா இது?

ஓத வந்த முப்பத்திரண்டு பிள்ளைகளும் வராமல் நின்றுவிட்டார்கள். முதலில் நின்றது என் பேத்தி ஸஹ்ரா. ஹாஜியார் அவர்களே, "விசாரணை முடியும் வரை வகுப்பு இல்லை" என்று சபை கடிதம் கொடுத்தது. எங்கே அந்த விசாரணை? யாரைக் கேட்டீர்கள்? மௌலவி அவர்களே, உயிரைக் காக்க இத்தாக்காரி வெளியேறலாமா என்று போன மாதம் கேட்டேன். ஆகும் என்று உடனே சொன்னீர்கள். ஒரே வசனம். அந்த ஒரு வசனத்தை இத்தனை மாதம் எந்த அலுமாரியில் பூட்டி வைத்திருந்தீர்கள்?

மணி அடிக்கிறீர்களா? அடியுங்கள். மைக்கையும் நிறுத்துங்கள். இது கடைத்தெருவில் கூவிப் பழகிய தொண்டை.

எனக்கு உண்மையைச் சொன்னது சந்திரிகா. தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டு வந்தவள், ஏன் டீச்சர் வீட்டில் பிள்ளைகளின் சத்தமே இல்லை என்று என்னிடம் கேட்டாள். பிறகு சொன்னாள்: "புள்ள கண்ண மூடிறக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் டீச்சர் கதை சொல்லிக்கிட்டே போனாங்களாம் ஐயா. பொழச்சு வந்த புள்ளதான் சொல்லுச்சு."

கேட்டீர்களா? நான் கண்ட திறந்த வாய் அதுதான். ஓர் உயிரைப் பிடித்து வைக்க அவள் கதை சொன்னாள். அதே நேரத்தில், அதே பாதையில், அவளை உயிரோடு புதைக்க நான் கதை சொன்னேன்.

இத்தா முடிந்த பிறகு பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு அவளுடைய சமையலறை வாசலுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கதிரை போடவில்லை. நின்றபடியே சொன்னாள்: "குசினி வாசல்ல வந்து மெதுவாச் சொல்றீங்க மாமா. கதைய இப்பிடியா சொன்னீங்க? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. பொறகு நான் யோசிக்கிறேன்."

அதற்காகத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன். தொழுகையில் விட்ட குறைக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கலாம். மனிதருக்குச் செய்த அநியாயத்துக்கு அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும். எழுபத்து மூன்று வயதில் இதைத் தீர்க்காமல் நான் எந்த முகத்தோடு கபுறுக் குழிக்குள் போவேன்?

மகளே பஸ்லினா, திரைக்கு அப்பால் நீ இருக்கிறாய். எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறேன். நான் பொய் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. நாளை அஸர் தொழுதுவிட்டு ஸஹ்ராவோடு அவள் வாசலில் நிற்பேன். திறப்பதும் திறக்காததும் அவள் உரிமை. யார் யார் உங்கள் பிள்ளைகளோடு வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். என்ன, தரையைப் பார்க்கிறீர்கள்? லொறிச் சாரதிக்கு வீடு கட்டிய கைகள் எங்கே?

ஆ! திரைக்கு மேலே ஒரு கை தெரிகிறது. அந்தக் காப்பு எனக்குத் தெரியும். முதல் நாளே பிள்ளையை நிறுத்திய என் மருமகள் பாயிஸாவின் கை அது. இதோ, பக்கத்தில் இன்னொன்று. இன்னும் இரண்டு.

தாய்மார்களே, உங்களுக்கு என் நன்றி. இந்தப் பக்கத்து ஆண்களுக்கு நாளை அஸர் வரை தவணை இருக்கிறது. வஸ்ஸலாம்.