பசையா, தையலா

உட்கார்ந்து பேசி எத்தனையோ நாளாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாற்காலி என்பது கைப்பை வைக்கத்தான். நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்பதால் நானும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கழுத்து ரத்தநாளத்தில் மருந்துக் குழாய் போட்டால், அது நழுவாமல் இருக்கத் தோலோடு சேர்த்து இரண்டு தையல் போடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்வதற்குள் தைக்க ஆரம்பித்துவிடும் சின்ன டாக்டர்கள் உண்டு. வலியில் நோயாளி பிடித்து நசுக்குவது என் கையை. பதினெட்டு வருஷம் அந்தக் கையைக் கொடுத்தேன். தையலுக்குப் பதிலாக மருத்துவப் பசை வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு சொட்டு, அரை நிமிடம், அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் நம்பவில்லை. "ஒட்டுறதெல்லாம் ஸ்கூல் நோட்டுக்குச் சரிம்மா. ஆறு மாசம் ரெண்டையும் போட்டுப் பாப்போம். எது நழுவுதுன்னு நீங்களே எழுதி வைங்க" என்றார். யாருக்குப் பசை, யாருக்குத் தையல் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்தோம்.

முதல் மாதமே பசை போட்ட இரண்டு குழாய்கள் நழுவின. காயும்வரை பொறுக்காமல் மேலே கட்டுப் போட்டவர்களின் தப்பு அது, பசையின் தப்பில்லை. படிவத்தில் அதை எழுத இடமில்லை. அதனால் தையல் போட்ட இரண்டு பேருக்குக் கட்டு மாற்றும்போது நூலை வெட்டி, குழாயை எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நழுவியதாக எழுதினேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நியாயப்படி சமமாக்கினேன், அவ்வளவே.

"ரெண்டும் ஒண்ணுதான்னா பழசே இருக்கட்டும்" என்றார் பெரிய டாக்டர்.

ஆகவே தையல் தோற்கும்வரை தொடர வேண்டியதாயிற்று. நான்காம் மாதம் நிறுத்த நினைத்தேன். திடீரென்று தையல் எல்லாம் உறுதியாகிவிட்டால், இத்தனை நாள் என்ன நடந்தது என்று கேட்பார்களே. நிறுத்தினாலும் மாட்டுவேன், நிறுத்தாவிட்டாலும் மாட்டுவேன். வீட்டுக்காரர் "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்றால் வேலை அதிகம் என்பேன். பயமாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

ஏழாம் படுக்கையில் தையல்காரம்மா வந்தது ஐந்தாம் மாதம். சீட்டில் அவருக்குத் தையல் விழுந்தது. கைக்கண்ணாடி கேட்டு வாங்கித் தன் கழுத்தைப் பார்த்தார்.

"யாரு சிஸ்டர் போட்டது? ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. சட்டையா இருந்தா பிரிச்சுத் தைக்கச் சொல்லியிருப்பேன்."

வார்டே சிரித்தது, நானும்தான். தேறிவிட்டார், நான்கு நாளில் வீட்டுக்குப் போயிருப்பார். மகள் மத்தியானம் வருவதாக இருந்தது.

அன்று காலை கட்டு மாற்றினேன். அவரைப் படுக்க வைத்துவிட்டுக் குழாயையும் நானே எடுத்திருப்பேன். அதற்குள் மூன்றாம் படுக்கையில் ஒருவருக்கு மூச்சு நின்றது, ஓடினேன். தையல்காரம்மா, மகள் வருகிறாளே என்று எழுந்து உட்கார்ந்து சீப்பை எட்டியிருக்கிறார். குழாய் நழுவி, கழுத்துத் துளை வழியாகக் காற்று ரத்தத்துக்குள் போய்விட்டது. நான் திரும்பி வந்து அவரைச் சாய்த்தபோது உதடு நீலமாகியிருந்தது. பிறகு எதுவும் பலிக்கவில்லை.

விசாரணைக்கென்று நீங்கள் மேஜையில் வைத்திருக்கும் நூல் அவர் கழுத்துத் தையலில் இருந்ததுதான். தானாகப் பிய்ந்திருந்தால் தோலும் கிழிந்திருக்கும். இது கத்தரி போட்டது, என் கத்தரிதான். அவருக்கு முன்னால் இன்னும் பதினொரு பேருக்கு இப்படி வெட்டியிருக்கிறேன். படுக்கை எண்களோடு எழுதித் தருகிறேன். இப்போது எங்கள் பிரிவில் யாருக்கும் தையல் போடுவதில்லை. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் கத்தரியை எடுத்தபோது அவள் அம்மா, "வலிக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். வலிக்காது என்றேன். வலிக்கவும் இல்லை. நோயாளிகளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.