முருகம்மாள் தாடைக்கு நாலு ஊசி

நாலு ஊசி, தாயி. நாலும் தண்டம். இன்னைக்கு அஞ்சாவது. நீ மொத ஊசியா? ஒன் நேரம் எப்புடியோ. கே.கே. நகர்ல தாடையப் புடிச்சுக்கிட்டு இம்புட்டு சனம் உக்காந்திருக்கும்னு நான் கண்டேனா... கொஞ்சம் தள்ளு, பேன் காத்து எனக்கும் வரட்டும்.

மருந்துன்னு என்னத்த ஏத்துறாரு தெரியுமா? சீனித் தண்ணி. நான் சொல்லல, டாக்டரே சொன்னாரு. காதுக்கு முன்னால மூட்டு இருக்குல்ல, அதைப் புடிச்சு நிக்கிற நாரு தளந்துபோச்சாம். அங்கன குத்துனா புதுசா இறுகி வருமாம். எங்க இறுகுச்சு? இட்லியப் பிட்டு வாயில வச்சா டொக்குனு ஒரு சத்தம், பக்கத்து வீட்டு முத்துமீனா எட்டிப் பாக்குறா.

எப்புடி வந்துச்சுன்னா கேக்குற? கேக்கலையா... சரி, சொல்றேன். எங்க வண்டியூர்ல முளைப்பாரி எடுக்கயில மொதக் குலவை நாந்தான். பதினேழு வருசமா. முருகம்மா குலவை போடாம பாரியத் தலையில ஏத்த மாட்டாக. போன வருசம் அம்மனுக்கு முன்னால நின்னு வாயத் தொறந்தேன் பாரு, தொறந்த வாயி மூடல. சாமி வந்துருச்சுன்னு ஆளாளுக்குக் கால்ல விழுறாக. துன்னூறு பூசச் சொல்லி வரிசையில நிக்கிறாக. நானும் வேற வழியில்லாம பூசிவிட்டேன். பெறகு ஆசுபத்திரியில கட்டைவெரல உள்ள விட்டு அமுக்கித்தான் மூடுனாக. வீடியோக்காரன் அம்புட்டையும் சி.டி. போட்டுட்டான். எங்க தெருவுல அது இல்லாத வீடு இல்ல.

அன்னையில இருந்து என் கொழுந்தன் பொண்டாட்டி மலையம்மா தொண்டையச் செருமிக்கிட்டே திரியிறா. “அக்கா, இந்த வருசம் நான் பாத்துக்கிறேன்”ங்கிறா. அவ போடுறது குலவையா? குக்கர் விசிலு. வர்ற செவ்வாக்கெழம பாரி. அதுக்குத்தான் தாயி நான் இந்தப் பாடு படுறது.

ஊசி கூடப் பரவால்ல. வீட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு கன்னமும் பூரியா உப்பிரும். விட்டுருவேனா? பஸ்சு ஏறுறதுக்கு முன்னாடியே மெடிக்கல்ல நின்னு, அண்ணே, வீக்கத்துக்கு ஒரு செட்டு குடுங்கன்னு வாங்கிருவேன். வெள்ளை ஒண்ணு, மஞ்ச ஒண்ணு, ரோசு ஒண்ணு. மறுநா வீக்கம் போன எடந்தெரியாது. நீயும் வாங்கிக்க.

என்ன, சீட்டக் காட்டுற? எனக்குந்தான் அந்த நர்சுப்பிள்ள ஒவ்வொருவாட்டியும் குடுத்துச்சு. சொல்லவுஞ் செஞ்சுச்சு. அது பேசுறப்ப நானும்ல பேசிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி கொண்டாரல, நீயே வாசி.

...வீக்கந்தான் வேலையே செய்யிதா? வீங்குனாத்தான் நாரு இறுகுமா? வத்துற மாத்திரைய... தொடவே கூடாதா?

இன்னொருக்கா வாசி.

நாலுவாட்டியும் முழுங்கியிருக்கேனே தாயி. “ஏம்மா ஒங்களுக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது”ன்னு அந்த மனுசன் ஒவ்வொரு தடவையும் தலையச் சொறிஞ்சாரு. நானும் அவரு படிப்பையே சந்தேகப்பட்டேன்.

ஒன்னையத்தான் கூப்புடுறாக, போ. உள்ள போயி இதைச் சொல்லிறாத, நானே சொல்லிக்கிறேன். ஒன் செல்ல மட்டும் குடுத்துட்டுப் போ. மலையம்மாட்டப் பேசணும். செவ்வாக்கெழமைக்குள்ள இது எங்க இறுகப்போகுது, குலவைய அவளையே போடச் சொல்லணும்.

வாய ரொம்பத் தொறக்க வேணாம்னும் சொல்லணும்.