பச்சை உண்டியல் குறித்து கலாதேவி கூறியது

பெயர் கலாதேவி த/பெ பத்துமலை. வயது 49. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. முகவரி: அடுக்குமாடி வீடு, புந்தோங், ஈப்போ. தமிழில் கேட்கப்பட்டுத் தமிழிலேயே பதில் கூறுகிறேன்.

உண்டியலைத் திருடியதாகப் புகார் செய்யப்பட்ட தர்மேந்திரன் என் கணவர். கணவர் என்பதற்காகப் பரிந்து பேச வரவில்லை. அவரிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு. திருட்டு அதில் இல்லை.

எங்கள் முனியாண்டி கோயிலுக்குப் புது உண்டியல் வந்த பிறகு, பழைய சில்வர் உண்டியலுக்குப் பச்சைச் சாயம் பூசி, பழக்க தோஷத்தில் விபூதிப் பட்டையும் போட்டு, 'பழைய பேட்டரி மட்டும்' என்று எழுதி வாசலில் வைத்தார்கள். வீட்டுப் பேட்டரிகள் குப்பைக்குப் போகாமல் மறுசுழற்சிக்குப் போகட்டும் என்று நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. ஆனால் உண்டியலைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? பேட்டரியோடு சில்லறையையும் நோட்டையும் போட்டுக் கும்பிட்டுப் போனார்கள். காசில் பட்டுச் சூடேறாமலிருக்கப் பேட்டரி முனைகளில் டேப் ஒட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை பூஜையின்போது பச்சை உண்டியலிலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்றே நானும் நினைத்தேன். அதன் பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. பக்கத்திலேயே பந்தல் துணி தொங்கியது, உள்ளே பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு என் கணவர் உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எதையும் சொல்லிவிட்டுச் செய்யும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கோயில் பொருளாளர் சதாசிவம், "உண்டியல தூக்கிட்டு ஓடுறான், புடிங்கலா!" என்று கத்தினார். அதன் பிறகு என் கணவர் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் அதைப் போட்டு மூடினார். துரத்தி வந்தவர்கள் அவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்று காலை இந்தப் போலீஸ் நிலையத்தில் சதாசிவம் முன்னிலையில் உண்டியல் திறக்கப்பட்டது. பேட்டரிகள் காசோடு ஒட்டிக்கொண்டு உப்பி வெடித்திருந்தன. நோட்டுகள் கருகியிருந்தன. யாரும் எதையும் எடுக்கவில்லை. அதன் பிறகு அவர், "தப்பா நெனச்சிட்டேன் தங்கச்சி. ரிப்போர்ட்ட மீட்டுக்கிறேன்லா" என்றார். "நீங்க வச்ச நெருப்பத்தான் அண்ணே அவரு தூக்கிட்டு ஓடுனாரு" என்றேன். இனி மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி வைப்பதாகவும், பக்கத்தில் டேப் வைப்பதாகவும், விபூதி பூசுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

என் கணவரின் உள்ளங்கை இரண்டும் வெந்து கட்டுப் போட்டிருப்பதால் அவரால் கையெழுத்திட முடியவில்லை. அன்றிலிருந்து நான்தான் அவருக்குச் சோறு ஊட்டுகிறேன். கல்யாணத்தன்று ஊட்டியதற்குப் பிறகு இப்போதுதான். ஒவ்வொரு வாய்க்கும் வெட்கப்படுகிறார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, அத்தனையும் நடந்தது.

ஒப்பம்,
கலாதேவி