பூட்டக்கூட விக்க மாட்டாங்களாம்

இல்ல தம்பி, நான் காசு கேக்க வரல. மதம் பரப்பவும் வரல. வெளிய நிக்கிற அந்த வெள்ளை வண்டி ஒன்னோடதுதான? நெவாடா நம்பர் போட்டிருக்கு. அதப் பாத்துட்டுத்தான், இத்தன நாற்காலி காலியா கெடக்கும்போது ஒம் பக்கத்துல வந்து ஒக்காந்தேன். நீ பாட்டுக்குச் சாப்புடு. நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீ மென்னுக்கிட்டே தலையாட்டுனா போதும்.

எம்பேரு நெட்ரா. எல்லைக்கு அந்தப் பக்கம், கலிஃபோர்னியா. இப்பதான மூஞ்சியச் சுளிச்ச? காலையிலேர்ந்து இந்த ஊருல எல்லாரும் இப்பிடித்தான் சுளிக்கிறீங்க. நாங்க கடற்கரையில ஒக்காந்து கீரைச் சாறு குடிக்கிற கூட்டம் இல்லப்பா. மலையடிவாரம். எங்க ஊருல மனுஷனவிட மாடு ஜாஸ்தி. சட்டம் மட்டுந்தான் கடற்கரைக்காரன் போட்டு அனுப்புறது.

கேளு. ரோட்டுக்கு அந்தாண்ட பெரிய துப்பாக்கிக் கடை இருக்குல்ல, வாசல்ல பஞ்சடைச்ச கரடிய நிறுத்தி வச்சிருப்பான். தொறந்ததும் தொறக்காததுமா அங்க போனேன். ஒரு சாமானையும் ஒரு தொப்பியையும் எடுத்து மேசையில வச்சேன். பில்லு போடுற பையன், கோல்டன்னு சட்டையில பேரு குத்தியிருந்தான், தாடி அப்பதான் வரலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கு. டிரைவிங் லைசென்ஸ் காட்டுங்கன்னான். காட்டுனேன். செத்த எலிய நீட்டுன மாதிரி கைய இழுத்துக்கிட்டான். வெளி மாநிலத்துக்கு, அதுலயும் ஒங்க மாநிலத்துக்கு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதையும் விக்கிறதில்லன்னான்.

ஏண்டாப்பான்னு கேட்டா ஒரு கதை சொல்றான். எங்க பக்கத்து ஆளு எவனோ வந்து, துப்பாக்கியில மாட்டுற, முப்பது தோட்டா புடிக்கிற பெட்டி ஒண்ண வாங்கிட்டுப் போயிருக்கான். எங்க மாநிலத்துல அது சட்டப்படி ஆகாது. மாட்டிக்கிட்டவன் சும்மா இருந்தானா? வாங்குன கடைப் பேர முதல் வேலையாச் சொல்லிட்டான். வக்கீலுங்க கடைக்கு வந்துட்டாங்க. மொதலாளிக்கு வந்துச்சே கோவம், கலிஃபோர்னியா லைசென்ஸ் வந்தா துப்பாக்கிச் சாமான் எதுவுமே கெடயாதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாரு. இப்ப எதக் காட்டுனாலும் செவப்பாக் கத்துது.

சரி, ஆனா ஒங் கையில இருக்குறது என்னன்னு பாருடான்னேன். பாத்தான். பூட்டு. ஆமா தம்பி, பூட்டுதான். துப்பாக்கி விசையில மாட்டுறது. மாட்டிட்டா யாராலயும் சுட முடியாது. நாங்க யாரையாவது சுட்டுருவோம்னுதான ஒங்க மொதலாளிக்குப் பயம், நான் சுட முடியாமப் பண்றதுக்கு வந்துருக்கேன்னு சொன்னேன். பையனுக்குப் புரிஞ்சிருச்சு, கம்ப்யூட்டருக்குப் புரியல. மறுபடி காட்டுனான், மறுபடி செவப்பு. உள்ளேருந்து மேனேஜர் வந்தாரு. வயித்தத் தாங்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு பெல்ட்டு. கடையோட முடிவும்மா, மாத்த முடியாதுன்னாரு.

எனக்கும் கோவம் வந்துருச்சு. ஏன் சார், ஆணுறை வாங்க வந்தவளப் பாத்து, நீ புள்ள பெத்துருவ, வெளிய போன்னு சொல்ற மாதிரில்ல இருக்குன்னேன். பையனுக்குக் காது ரெண்டும் செவந்து போச்சு. மேனேஜரு செவுத்துல மாட்டியிருந்த மான் தலையப் பாத்துக்கிட்டு நின்னாரு.

தொப்பி? அது குடுத்துட்டான். துப்பாக்கிப் படம் போட்டது, இதோ எந் தலையில இருக்கு பாரு. அதுக்குத் தடை இல்லயாம்.

அப்புறம் அடகுக் கடைக்குப் போனேன். அங்க ஒரு பொம்பள, முடிக்கு ஊதா சாயம். நான் வாயே தொறக்கல. ஜன்னல் வழியா என் வண்டி நம்பரப் பாத்துட்டு, நகை வேணா பாருங்கன்னா. அவளாவது நல்லாப் பேசுனா. ஒங்க பக்கத்துலேர்ந்து ஆளுங்கள மாறுவேசத்துல அனுப்பி எங்களச் சோதிக்கிறாங்களாம், அதான் பயம்னா. ஏம்மா, படி ஏறும்போது என் முட்டி போடுற சத்தம் ஒனக்கே கேட்டுச்சே, எந்த அரசாங்கம் இந்த முட்டியோட உளவாளி அனுப்பும்னேன். சிரிச்சா. சிரிச்சிட்டும் விக்கல. ஆனா ஒரு வழி சொன்னா. இந்த மாநில லைசென்ஸ் வச்சிருக்குற யாராவது வந்து வாங்கிக்கிட்டா, அவங்க அத எங்க எடுத்துட்டுப் போறாங்கன்னு நான் கேக்க மாட்டேன், பூட்டு வாங்குறது குத்தமில்லன்னா.

இப்பப் புரியுதா, ஒன்ன ஏன் புடிச்சேன்னு?

இரு இரு, எந்திரிக்காத. தப்பான வேல எதுவும் இல்ல. காசு நான் குடுக்குறேன், நீ போயி லைசென்ஸக் காட்டி வாங்கிட்டு வந்தா போதும்.

தபால்லயா? அதையும் பாத்தாச்சு. லைப்ரரியில ஒக்காந்து நானே தட்டுனேன். ஊரு பேரப் போட்டதும், மன்னிக்கவும், ஒங்க மாநிலத்துக்கு அனுப்புறதில்லன்னு வந்துருச்சு. பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா அத எட்டிப் படிச்சிட்டு நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கிச்சு.

எங்க ஊருலயே கெடைக்கும்தான். நியாயமான கேள்வி. இருக்குறது ஒரே கடை, ஆணியும் பெயிண்டும் விக்கிறவன், வெர்ன்னு பேரு, அவன்கிட்ட இருக்கும். ஆனா அவன் எங்க வீட்டுக்காரரோட சீட்டாடுற ஆளு. நான் கடைப் படிய எறங்குறதுக்குள்ள அவருக்குப் போன் போயிரும். அடுத்த ஊருன்னா மலை தாண்டணும், பனி விழுந்து ரோட்ட மூடிட்டாங்க. அதான் இந்தப் பக்கம் எறங்கி வந்தேன்.

ஷெரிஃப் ஆபீசுல சும்மாவே தருவாங்க, தெரியும். கொழந்த சிரிக்கிற படம் போட்டு ஒட்டி வச்சிருக்காங்க. அங்க மேசையில ஒக்காந்திருக்குறது கேண்டஸ், எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி மக. பூட்டு எதுக்கு அத்தைன்னு கேப்பா. நான் என்ன சொன்னாலும் சாயங்காலத்துக்குள்ள ஊரே பாத்திரத்துல சாப்பாடு எடுத்துக்கிட்டு துக்கம் விசாரிக்க வந்துரும். எங்க ஊருல வாய்க்குத்தான் பூட்டே கெடயாது.

ஆமா, அவருகிட்டேர்ந்துதான் மறைக்கிறேன். டெல்மர். ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓட்டுனவரு. இப்ப வீட்டுல சும்மா இருக்காரு, சும்மாவும் இருக்குறதில்ல. வேட்டைத் துப்பாக்கிய வித்தாச்சு. இந்த ரெட்டைக்கொழல் துப்பாக்கிய மட்டும் விட மாட்டேங்கிறாரு. அவங்க அப்பாவோடது, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும். தெனமும் எடுத்து எண்ணெ போட்டுத் தொடைக்கணும். என்ன ஒரு நாளும் அப்பிடித் தொடச்சி விட்டதில்ல.

ஒளிச்சு வச்சும் பாத்தேன் தம்பி. பக்கத்துத் தோட்டத்து வைக்கோல் கொட்டகையில கொண்டுபோயி வச்சேன். மனுஷன் வீட்டப் பொரட்டிப் போட்டுட்டு, திருட்டுப் போச்சுன்னு புகார் குடுத்துட்டாரு. ரெண்டு போலீசு வந்து நின்னானுங்க. இவரு என்னடான்னா பக்கத்துத் தோட்டத்துக்காரந்தான் திருடன்னு கை நீட்டுறாரு. பாவம் அந்தாளு, எங்க மாட்டுக்கும் சேத்துத் தண்ணி காட்டுறவன். அப்புறம் நானே போயி, தொடைக்க எடுத்து மறந்துட்டேன்னு பொய் சொல்லி எடுத்துட்டு வந்து மாட்டுனேன். இன்னிக்கு அவரு சர்ச்சு ஆம்பளைங்களோட அப்பம் சுட்டுத் திங்கப் போயிருக்காரு. அதான் தைரியமாத் தூக்கிட்டு வந்தேன், வண்டியில போர்வைக்குள்ள படுத்துருக்கு.

தோட்டாவ எடுத்துட்டா போதும்னுதான் நானும் நெனச்சேன். எடுத்தேன். எடுக்க எடுக்க வருதுப்பா. ஓட்ஸ் டப்பாவுக்குள்ள, மீன் புடிக்கப் போற பூட்ஸுக்குள்ள, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கிற பெட்டிக்குள்ள. அணிலு கூட இத்தன எடத்துல ஒளிக்காது. பையில கட்டிக் குளத்துல போட்டுட்டு வந்தேன். மறுநாளு ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்கு.

பூட்டப் பாத்தா கேப்பாருதான். அதுக்கு பதில் ரெடி. கவர்னரு புதுச் சட்டம் போட்டுட்டாரு, எல்லாத் துப்பாக்கிக்கும் பூட்டு போடணுமாம்னு சொல்லிருவேன். அவ்ளோதான், சாயங்காலம் பூரா கவர்னரு குடும்பத்தையே இழுத்து வச்சுத் திட்டுவாரு. அன்னிக்கு நல்லாச் சாப்புடுவாரு தெரியுமா. எம் பொறந்தநாளு மறந்துருச்சு, மகனோட பேரு மறந்துருச்சு, கவர்னரு மேல இருக்குற கோவம் மட்டும் அப்பிடியே இருக்கு.

ஆமா. அந்த மாதிரி மறதிதான்.

மகன் ஃபீனிக்ஸ்ல இருக்கான். சொல்லல. சொன்னா மறுநாளே வந்து அவர ஒரு முதியோர் ஹோமுல சேத்துருவான். நல்ல புள்ள தம்பி, அதான் பயமே. கேண்டஸுக்குத் தெரிஞ்சாலும் அதேதான். துப்பாக்கிய எடுத்துட்டுப் போவாங்க, பின்னாலயே ஆளையும் எடுத்துட்டுப் போவாங்க. சேக்கணும்தான், எனக்குத் தெரியாதா. இந்தப் பனி முடியட்டும்னு இருக்கேன். இன்னும் ஒரு வசந்தம் அந்த மனுஷனோட ஒக்காந்து சண்ட போட்டுக்குறேன்.

இல்லல்ல, என்ன அடிக்கல்லாம் மாட்டாரு. ரொம்ப மரியாதையான ஆளு. போன ஞாயித்துக்கெழம கூட அப்பிடித்தான். மளிகை வாங்கிட்டுப் பின்வாசல் வழியா உள்ள வரேன், அடுப்படியில துப்பாக்கியோட நிக்கிறாரு, கொழலு ரெண்டும் எம் பக்கம். அம்மா, நீங்க யாருன்னு தெரியல, எம் பொண்டாட்டி இப்ப வந்துருவா, ஒங்களப் பாத்தா பயந்துக்குவா, தயவு செஞ்சு போயிருங்கன்னாரு. குரலுல கோவமே இல்ல. நான் பையக் கீழ வச்சிட்டுக் கையத் தூக்கினேன். மன்னிச்சுக்கங்க, வீடு மாறி வந்துட்டேன்னேன். பரவால்ல, ரோடு வழுக்கும், பாத்துப் போங்கன்னாரு.

வந்த வழியே வெளிய போயி வண்டியில ஒக்காந்தேன். அப்புறம் முன்வாசலச் சுத்திப் போயி, நான் வந்துட்டேன்னு கொரல் குடுத்தேன். துப்பாக்கிய ஆணியில மாட்டிட்டு ஓடி வந்து கட்டிப் புடிச்சிக்கிட்டாரு. யாரோ ஒருத்தி உள்ள வந்துட்டா நெட்ரா, நல்லவ மாதிரிதான் இருந்தா, நீ பயப்படாத, நான் அனுப்பிட்டேன்னாரு. எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட அப்பிடிப் பெருமையா நின்னதில்ல.

அவரு டிவி முன்னாடி கண்ணசந்ததும் போயித் தொறந்து பாத்தேன். ரெண்டு கொழலுலயும் தோட்டா இருந்துச்சு.

சாவி போட்டதாப் பாத்து வாங்கு தம்பி. நம்பர் வச்சதுன்னா நான் மறந்துருவேன்.